பாவித்த 12 ஜிபியா, புது 8 ஜிபியா?

கேள்வி: சுன்னாகத்தில் கலியாணவீடு, சாமத்தியவீடு வீடியோ எடிட் செய்கிறேன். என்னிடம் இருப்பது ஜிடிடிஆர்5 (கிராபிக்ஸ் கார்ட்டிலுள்ள மெமரியின் ஒரு வகை) மெமரியுள்ள ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்ட், 4 ஜிபி. 4கே-இல் வேலை செய்தால் "ஜிபியு மெமரி நிறைந்துவிட்டது" என்று நின்றுவிடுகிறது. கடையில் புது ஆர்டிஎக்ஸ் 5060 8 ஜிபியைக் காட்டி, ஜிடிடிஆர்7 மெமரி இரண்டு மடங்கு வேகம் என்கிறார்கள். நண்பர் ஒருவர் பாவித்த ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபியைத் தரத் தயார். எதை எடுக்கலாம்? பழைய கார்ட்டிலேயே வேகமான சிப்பை மாற்றிப் போட முடியாதா?

பதில்: சிப் மாற்றுகிற யோசனையை விட்டுவிடுங்கள். ஜிடிடிஆர்5 சிப்பின் அடியில், அதைக் கார்ட்டோடு ஒட்டுகிற 170 சிறு ஈயக் குண்டுகள் இருக்கும், ஜிடிடிஆர்6 சிப்பில் 180. இருக்கிற இடத்தில் அது உட்காரவே உட்காராது.

உங்களுக்கு வருகிற பிழைச் செய்திக்கும் மெமரியின் வேகத்துக்கும் தொடர்பில்லை. இடம் காணாது, அவ்வளவுதான். ஒரு 4கே சட்டகத்தில் 3840 × 2160 புள்ளிகள். நிறத்திருத்தம் செய்யும்போது மென்பொருள் ஒவ்வொரு புள்ளிக்கும் 16 பைட் ஒதுக்கினால், ஒரே சட்டகம் ஏறத்தாழ 133 எம்பி. இரவு மணவறையில் எடுத்த காட்சியின் புள்ளிப்புள்ளியான இரைச்சலை நீக்க முன்னும் பின்னுமாக ஐந்து சட்டகங்களைச் சேர்த்துப் பார்க்கும், அதற்கே 660 எம்பிக்கு மேல். அதன்மேல் இரண்டாவது கமெராவின் அடுக்கு, எழுத்து, பூ விழுகிற எபெக்ட் எல்லாம் ஏறினால் 4 ஜிபி எந்த மூலைக்கு?

இனி வேகம். 3060-இல் உள்ள ஜிடிடிஆர்6, மெமரிக்கும் ஜிபியுவுக்கும் (கார்ட்டின் முதன்மைச் சிப்) இடையிலான ஒரு கம்பியில் இரண்டு மின்னழுத்த நிலைகளில் தரவை அனுப்புகிறது. 2024 மார்ச்சில் தரநிலையாக வெளிவந்த, 5060-இல் உள்ள ஜிடிடிஆர்7 மூன்று நிலைகளைப் பாவித்து, இரண்டு துடிப்பில் மூன்று பிட் அனுப்புகிறது. 3060-இல் ஒரு கம்பிக்கு விநாடிக்கு 15 ஜிகாபிட், 5060-இல் 28. "இரண்டு மடங்கு" என்ற கதை இங்கிருந்துதான் வருகிறது. ஆனால் கம்பிகளின் எண்ணிக்கையைக் கடைக்காரர் சொல்லமாட்டார். 3060 12 ஜிபிக்கு 192, 5060-க்கு 128 மட்டுமே. கம்பி எண்ணிக்கையை வேகத்தால் பெருக்கி எட்டால் வகுத்துப் பாருங்கள்: 3060-க்கு விநாடிக்கு 360 ஜிபி, 5060-க்கு 448. கூடுதல் கால்பங்குதான். உங்கள் 1650 இதே கணக்கில் 128, ஆகவே இரண்டில் எதுவும் உங்களுக்குப் பெரிய முன்னேற்றமே.

8 ஜிபி நிரம்பினால் நடப்பது வேறு. மிஞ்சினது கொம்பியூட்டரின் சாதாரண ராமுக்குப் போகும். 5060 எட்டு லேன் கார்ட், அதாவது மதர்போர்ட்டோடு எட்டுத் தரவுப் பாதைகளால் பேசுவது. உங்கள் மதர்போர்ட்டில் கார்ட் செருகும் இணைப்பு பழைய பிசிஐஇ 3.0 தலைமுறை என்றால் அந்தப் பாதையில் விநாடிக்கு சுமார் 8 ஜிபிதான் போகும். 448-இல் ஓடின வேலை 8-இல் ஊரும். 3060-க்கு 16 லேன், அது அங்கும் சுமார் 16 ஜிபி தரும். அதோடு 12 ஜிபி நிரம்புவதே அரிது.

எனவே எங்கள் தெரிவு 3060 12 ஜிபி. ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் கமெரா 10 பிட் 4:2:2-இல் (நிறத் தகவலைக் கூடுதலாகச் சேமிக்கும் முறை) பதிவு செய்கிறதென்றால், அந்தக் கோப்பை வன்பொருளால் விரிக்கும் வசதி 50 வரிசையில் உண்டு, 3060-இல் இல்லை. அப்போதும் 8 ஜிபியை எடுக்காமல், கொஞ்சம் பொறுத்து 5060 டிஐ 16 ஜிபிக்குக் காசு சேர்ப்பது நல்லது. அதுவரை பிராக்ஸி கோப்பு, அதாவது அதே காட்சியின் சிறிய, இலேசான பிரதி, செய்து எடிட் செய்யுங்கள்.

பவர் சப்ளையையும் பாருங்கள். பல 1650 கார்ட்டுகளுக்குத் தனி மின்வயரே தேவையில்லை. 3060-க்கு 170 வாட் வேண்டும், பொதுவாக 8 பின் இணைப்போடு. 550 வாட்டுக்குக் குறையாத நல்ல சப்ளை இல்லாமல் மாட்டினால் ரெண்டர் நடுவில் அணைந்துவிடக்கூடும்.

நண்பரின் கார்ட்டைக் காசு கொடுக்குமுன் ஜிபியு-இசட் மென்பொருளில் திறந்து பாருங்கள். மெமரி வகை ஜிடிடிஆர்6, பஸ் அகலம் (மேலே சொன்ன கம்பி எண்ணிக்கை) 192, பான்ட்வித் (விநாடிக்கு எத்தனை ஜிபி) 360 என்று இருக்கவேண்டும். 128, 240 என்று காட்டினால் அது அதே பெயரில் வந்த 8 ஜிபி கார்ட். பிறகு ஓசிசிடி என்ற சோதனை மென்பொருளின் விராம் (கார்ட்டின் மெமரி) சோதனையை அரைமணி நேரம் ஓடவிடுங்கள், ஒரு பிழைகூட வரக்கூடாது. விண்டோஸ் ஏறுமுன், பயோஸ் திரையிலேயே கட்டங்கட்டமாக நிறப்புள்ளிகள் தெரிந்தால் பெரும்பாலும் மெமரி சிப் பழுது, அல்லது அதன் ஈயக் குண்டில் கீறல் விழுந்திருக்கிறது. வாங்க வேண்டாம்.

சுன்னாகத்துச் செம்மண் தூசி விசிறிக்குள் ஏறும். அதை மாதம் ஒருமுறை தூரிகையால் தட்டுங்கள். கார்ட்டைக் கழற்றித் துடைக்கிறவர் சிப்புகளின்மேல் உள்ள வெப்பப் பட்டையை மாற்றினால், பழைய பட்டை அழுந்தாமல் இருக்கும் ஓரத்தின் தடிப்பை வேர்னியரால் அளந்து அதே தடிப்பிலேயே போடவேண்டும். அரை மில்லிமீற்றர் கூடினாலும் ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கும் உலோகப் பாகம்) நடுவிலுள்ள ஜிபியுவில் சரியாகப் படியாது. குறைந்தால் மெமரியைத் தொடாது.