விண்டோஸுக்குள்ள இருக்கிற இன்ஸ்டோலர் போல்டரை அழிச்சிறலாமா?

தலவாக்கலைப் பக்கம் ஸ்கூல்ல படிப்பிக்கிற டீச்சர் ஒருத்தங்க கேட்டிருக்காங்க. லெப்டொப்ல 128 ஜிபி எஸ்எஸ்டி தான் இருக்கு, சி டிரைவ் சிவப்பாயிருச்சு, தேடிப் பார்த்தா விண்டோஸ் போல்டருக்குள்ள இன்ஸ்டோலர்னு ஒன்னு 11 ஜிபி புடிச்சிருக்கு, எல்லாம் இன்ஸ்டோல் பண்ணி முடிஞ்ச பைல் தானே, அழிச்சா என்னன்னு.

அழிக்காதீங்க டீச்சர், தயவுசெஞ்சு அதுல கை வைக்காதீங்க. எம்எஸ்ஐ வகை, அதாவது விண்டோஸ் இன்ஸ்டோலர் மூலமா ஏறுற சொப்ட்வெயார் ஒன்னு போடும்போதெல்லாம் விண்டோஸ் அதோட ஒரு கொபிய அங்க எடுத்து வச்சுக்கும், பிறகு வர்ற பேட்ச், அதாவது திருத்தம் எல்லாம் எம்எஸ்பிங்கிற வகைப் பைலா அங்கயே சேரும். அந்த சொப்ட்வெயாரை அப்டேட் பண்ண, ரிப்பேர் பண்ண, கழட்ட, எல்லாத்துக்கும் விண்டோஸ் அங்க தான் போய்த் தேடும். அழிச்ச அன்னைக்கு ஒன்னும் தெரியாது, எல்லாம் வழக்கம் போல ஓடும், அதனால தான் பலரும் ஏமாந்துபோறாங்க. கொஞ்ச மாசம் கழிச்சு அப்டேட் வரும்போது 1612னு ஒரு எரர் வரும், இன்ஸ்டோல் பண்ணின மூலப் பைல் இல்லைன்னு அர்த்தம், அப்போ பழசைக் கழட்டவும் முடியாம புதுசைப் போடவும் முடியாம மாட்டிக்குவீங்க.

உள்ள பார்த்தா பைல் பேரெல்லாம் நம்பரும் எழுத்துமா கலந்து குப்பை மாதிரி தான் தெரியும். டீட்டெய்ல்ஸ் வியூவுல மேல நேம், சைஸ்னு இருக்கிற தலைப்பு வரியில ரைட் க்ளிக் பண்ணி, மோர் போய் சப்ஜெக்ட்ங்கிறதை டிக் பண்ணுங்க, எது எந்த சொப்ட்வெயாரோடதுன்னு பெரும்பாலும் பேரோட வந்துரும். வேண்டாத சொப்ட்வெயாரா இருந்தா செட்டிங்ஸ்ல ஆப்ஸ் போய் முறையா அன்இன்ஸ்டோல் பண்ணுங்க, அதோட பைலையும் விண்டோஸே எடுத்துரும். புரோகிராம்டேட்டாவுக்குள்ள பேக்கேஜ் கேஷ்னு ஒன்னு இருக்கும், அதுக்கும் இதே கதை தான், விட்டுருங்க.

அப்போ எதை அழிக்கிறது? முதல்ல டவுன்லோட்ஸ் போல்டர். சைஸ் படி அடுக்கிப் பாருங்க, ஒரே ஸூம் செட்டப் அடைப்புக்குள்ள 1, 2, 3னு நாலு தடவை கிடக்கும், போட்டு முடிஞ்ச ஈஎக்ஸ்ஈ, ஸிப், ஐஎஸ்ஓ எல்லாம் போகலாம். ஆனா நம்ம பக்கம் தோட்டத்து லயத்துல சிக்னல் எப்படின்னு உங்களுக்கே தெரியும், ஒரு ஜிபி பைலை மறுபடி இறக்க நைட் டேட்டாவுக்குக் காத்திருக்கணும், அதனால பழைய பிரின்டர் டிரைவர், பாமினி பொண்ட் ஸிப், இப்படித் திரும்பத் தேடிப் புடிக்கக் கஷ்டமானதை மட்டும் பென் டிரைவ்ல போட்டுட்டு அழிங்க. ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணினா தான் இடம் கிடைக்கும்.

சி டிரைவைத் திறந்ததும் ஏஎம்டி, என்விடியான்னு போல்டர் இருந்தா அது டிரைவரை இன்ஸ்டோல் பண்ண விரிச்ச பைலோட மிச்சம், போகலாம். எச்பி லெப்டொப்னா டிரைவர் செட்டப் பைலெல்லாம் வச்சிருக்கிற எஸ்டபிள்யூசெட்டப்னு ஒரு போல்டர் இருக்கும், அதையும் கொபி எடுத்துட்டு அழிக்கலாம்.

பெரிய இடம் கிடைக்கிறது செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி பைல்ஸ்ல தான். விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சதால நிறைய பேர் 11க்கு மாறியிருக்காங்க, நீங்களும் இப்போ தான் மாறினீங்கன்னா பழைய விண்டோஸ் முழுசா விண்டோஸ் ஓல்ட்ங்கிற பேர்ல கிடக்கும், அது மட்டுமே பத்து ஜிபிக்கு மேல போகும். 10 நாள்ல தானாவே அழியும், அவசரம்னா பிரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டோலேஷனை டிக் பண்ணி எடுக்கலாம், ஆனா பிறகு பழசுக்குத் திரும்ப முடியாது, பிரின்டர், வைபை எல்லாம் ஒழுங்கா ஓடுதான்னு பார்த்துட்டுச் செய்ங்க. விண்டோஸ் அப்டேட் கிளீனப்பையும் டிக் பண்ணுங்க. அதே லிஸ்ட்ல டவுன்லோட்ஸும் இருக்கும், அதை மட்டும் டிக் பண்ணாதீங்க டீச்சர், தவணைப் பரீட்சைப் பேப்பர் எல்லாம் அதுக்குள்ள கிடந்தா ஒரே க்ளிக்ல போயிரும்.

இவ்வளவும் பண்ணியும் பத்தலைன்னா பேட்ச்கிளீனர்னு இலவச டூல் இருக்கு, இன்ஸ்டோலர் போல்டர்ல எந்த சொப்ட்வெயாருக்கும் சொந்தமில்லாம அனாதையா நிக்கிற பைலை மட்டும் காட்டும். அதுல டிலீட் வேண்டாம், மூவ் கொடுத்து எக்ஸ்டர்னல் ஹாட் டிஸ்க்ல வைங்க. அக்ரோபேட் பேட்சை அது தப்பா அனாதைன்னு நினைக்கிறதால அக்ரோபேட்டை ஒதுக்கித் தான் செட்டிங் வச்சிருக்காங்க, அதை மாத்தாதீங்க. ஒபிஸ், பிடிஎப் ரீடர் எல்லாம் ரெண்டு மூணு அப்டேட் சிக்கலில்லாம ஏறினப்புறம் ஹாட் டிஸ்க்ல வச்சதை அழிக்கலாம்.