கொரிய அரசு செலவில் படிப்பு: மகளை நம்பி அனுப்பலாமா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். கொரிய சீரியல்கள் பார்த்தே அந்த மொழியில் கொஞ்சம் பேசுகிறாள். கொரிய அரசே செலவு செய்து, மொழியும் சொல்லிக்கொடுத்து, அங்கே டிகிரி படிக்க வைக்கும் என்கிறாள். "எந்த அரசாங்கம் அடுத்த நாட்டுப் பிள்ளைக்குச் சும்மா பணம் தரும்?" என்று என் கணவர் கோபப்படுகிறார். என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், செங்கல்பட்டு

பதில்: அன்புச் சகோதரி, பெண்ணைப் பெற்ற அப்பா அப்படித்தான் கேட்பார். கேட்கவும் வேண்டும். ஆனால் மகள் சொல்வது உண்மை. 'குளோபல் கொரியா ஸ்காலர்ஷிப்' என்ற அந்தத் திட்டம் 1967-இல் தொடங்கியது. விமான டிக்கெட், கல்லூரிக் கட்டணம், மாதச் செலவுக்குப் பணம் எல்லாம் அதில் அடக்கம். அங்கே பிள்ளைகள் பிறப்பது குறைந்துவிட்டது, கல்லூரிகளுக்கு மாணவர்கள் வேண்டும். 2027-க்குள் 3 லட்சம் வெளிநாட்டு மாணவர்களைக் கொண்டுவரப் போவதாக 2023-இல் அந்த அரசு அறிவித்தது. தங்கள் மொழி தெரிந்த நண்பர்கள் நாலு நாட்டிலும் இருக்க வேண்டும் என்ற கணக்கும் உண்டு. இதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், சந்தேகம் பாதி தீரும்.

இனி மகளுக்கு. டிகிரிக்குப் போகிறவர்களுக்கு மொத்தம் 5 ஆண்டுகள். முதல் ஆண்டு முழுக்க மொழிப் பயிற்சிதான். அது முடிவதற்குள் 'டோபிக்' என்ற கொரிய மொழித் திறன் தேர்வில் 3-ஆம் நிலையை எட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் டிகிரி வகுப்பு. பெரும்பாலான பாடங்களைக் கொரிய மொழியிலேயே நடத்துவார்கள். சீரியலில் கேட்டுப் பழகிய வசனம் அங்கே போதாது.

அதனால் விண்ணப்பிக்கும் முன்பே ஒழுங்காகப் படிக்கத் தொடங்கட்டும். சென்னையில் 'இன்கோ சென்டர்' கொரிய வகுப்புகள் நடத்துகிறது. எழுத்துக்குப் பயப்பட வேண்டாம், அடிப்படை எழுத்துகள் 24-தான். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. "நான் பள்ளிக்குப் போனேன்" என்று நாம் சொல்லும் அதே வரிசையில்தான் அவர்களும் சொல்கிறார்கள். வினை கடைசியில் வரும், 'க்கு' மாதிரியான உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். அப்பாவை அங்கேயும் அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள்! ஆங்கிலம் வழியாகக் கொரிய மொழியைப் படிக்காமல் தமிழை மனதில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இடங்கள் மிகக் குறைவு, நாடு முழுவதிலிருந்தும் போட்டி இருக்கும். 80 சதவீத மதிப்பெண் அடிப்படைத் தகுதி மட்டுமே. கிடைக்காமலும் போகலாம். அதற்காக இங்கே கல்லூரி சேர்வதைத் தள்ளிப்போட வேண்டாம். டிகிரிக்கான விண்ணப்பத்துக்கு 25 வயதுக்குள் இருந்தால் போதும், அடுத்த ஆண்டும் முயலலாம். தொகை கிடைக்காவிட்டாலும் மொழி அவளிடம் இருக்கும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் எத்தனை கொரிய கம்பெனிகள்! கொரிய மொழி நன்றாகத் தெரிந்தவர்களுக்கு அங்கே மொழிபெயர்ப்பு வேலை இருக்கிறது.

டிகிரிக்கான அறிவிப்பு பொதுவாக செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வரும். தூதரகம் வழியாகவோ பல்கலைக்கழகம் வழியாகவோ விண்ணப்பிக்கலாம். "சீட் வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்டு யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், நம் ஊர்ப் பிள்ளைகள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் இனிஷியல். மதிப்பெண் சான்றிதழில் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர், பிறப்புச் சான்றிதழில் வேறொரு எழுத்துக்கூட்டல். பெற்றோரின் குடியுரிமைக்கும் சான்று கேட்பார்கள். தமிழில் உள்ள சான்றிதழ்களை முறையாக ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டும், சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாட்டுக்கு உறுதி சொல்லும் 'அப்போஸ்டில்' முத்திரையும் வாங்க வேண்டியிருக்கும். இதற்கெல்லாம் வாரக்கணக்கில் அலைய நேரிடும். இந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் உட்கார்ந்து, மூன்று சான்றிதழ்களிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வேலையை உங்கள் கணவரிடமே கொடுங்கள்.