பிளாட்பாரக் கல்லில் மோதியதிலிருந்து 80 கி.மீ. வேகத்துக்கு மேல் ஸ்டீரிங் நடுங்குகிறது, இடப்பக்கம் ஊளைச் சத்தம் வருகிறது. அலைன்மென்ட் (சக்கரக் கோணம் சரிசெய்வது), பேலன்சிங் (சக்கர எடையைச் சமன்செய்வது) செய்தும் போகவில்லை. என்னவாக இருக்கும்?

எனக்கு இதே கதை மூன்று வருடத்துக்கு முன் நடந்தது. திண்டிவனம் தாண்டி ஒரு மழை இரவு. வேலை நடந்த இடத்தில் சாலையைத் திருப்பி விட்டிருந்தார்கள். எதிரே வந்த லாரியின் வெளிச்சத்தில் கண் கூசி, இடப்பக்க முன்சக்கரம் ஓரக்கல்லில் ஏறி இறங்கியது. டயர் பஞ்சர் ஆகவில்லை, வண்டியும் ஓடியது. ஒன்றும் ஆகவில்லை என்று நம்பி ஊர் போய்ச் சேர்ந்தேன். அப்படிப் போயிருக்கக் கூடாது. அதனால் என் கதையை ஓரமாக வைத்துவிட்டு, நீங்கள் இன்றே பார்க்க வேண்டியதை முதலில் சொல்கிறேன்.

ஸ்டீரிங்கை முழுக்க ஒரு பக்கம் ஒடித்து வைத்து, டார்ச் அடித்து, மோதிய டயரின் உள்பக்கத்தைப் பாருங்கள். கையாலும் தடவிப் பாருங்கள். வெளிப்பக்கம் பளிச்சென்று இருக்கும். உள்பக்கத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம் இருக்கலாம். கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டயர் நசுங்கும்போது உள்ளே இருக்கும் நூல்கள் அறுந்துவிடுகின்றன. அதன்பிறகு அந்த இடத்தில் காற்றைத் தாங்கி நிற்பது வெறும் ரப்பர்தான். அதற்கு ஒட்டு கிடையாது, பழுதுபார்ப்பும் கிடையாது. வீக்கம் தெரிந்தால் ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டுதான் வண்டியை நகர்த்த வேண்டும். நெடுஞ்சாலைப் பக்கமே போகாதீர்கள்.

டயர் நன்றாக இருந்தால் அடுத்த வேலை, நடுக்கத்தையும் சத்தத்தையும் தனித்தனியாகப் பிரிப்பது. நான் இரண்டையும் ஒரே நோய் என்று நினைத்துத்தான் இரண்டு முறை அலைன்மென்டுக்குப் பணம் கொடுத்தேன். அலைன்மென்ட் சரியில்லை என்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், நேராகப் போகும்போது ஸ்டீரிங் கோணலாக நிற்கும், டயர் ஒரு ஓரமாகத் தேயும். 80-ல் தொடங்கி 100-ல் உச்சத்துக்குப் போகும் நடுக்கம் பெரும்பாலும் சுற்றுகிற பொருளிலிருந்து வருவது: டயர், ரிம், சில சமயம் அச்சு. நடுக்கம் ஸ்டீரிங்கில் தெரிந்தால் முன்சக்கரம், சீட்டில் தெரிந்தால் பின்சக்கரம் என்பது நல்ல தொடக்கக் கணக்கு. இடப்பக்க முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் இடம் மாற்றி மாட்டி ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் கையிலிருந்து சீட்டுக்குப் போய்விட்டால், கோளாறு அந்தச் சக்கரத்தில்தான்.

பேலன்சிங் செய்தாயிற்றே என்பீர்கள். என்னிடமும் மெஷினில் இரண்டு பக்கமும் பூஜ்யம் காட்டினார்கள். அந்த மெஷின் எடை எந்தப் பக்கம் கூடுதல் என்பதை மட்டும்தான் பார்க்கிறது. ரிம் நெளிந்திருந்தாலும் ஈயக்கட்டி ஒட்டிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் சக்கரம் வட்டமாக ஆகிவிடாது, சுற்றுக்கு ஒருமுறை வண்டியைத் தூக்கிப் போட்டுக்கொண்டே இருக்கும். மூன்றாவதாகப் போன சின்னப் பட்டறையில் வயதான மெக்கானிக் ஒருவர், "தம்பி, மெஷினைப் பாக்காத, ரிம்மைப் பாரு" என்றார். சக்கரத்தைத் தூக்கி, ஒரு ஸ்க்ரூ டிரைவர் முனையை ரிம் விளிம்பை ஒட்டி அசையாமல் வைத்துச் சுற்றிவிட்டார். ஒரு சுற்றில் இடைவெளி விரிந்து சுருங்கியது எனக்கே தெரிந்தது. உள்விளிம்பு நெளிந்திருந்தது. அலாய் வீலில் ஒரு மில்லிமீட்டர் தாண்டினாலே சந்தேகப்படலாம். இரும்பு ரிம்மைத் தட்டி நிமிர்த்தலாம். அலாயைச் சூடாக்கி நிமிர்த்தித் தருபவர்கள் உண்டு. வெடிப்பு விட்டுவிடும் என்ற பயத்தில் நான் புதிதாகவே மாற்றினேன்.

இனி சத்தம். சிமென்ட் சாலையிலிருந்து தார்ச் சாலைக்கு மாறும்போது சத்தம் மாறினால் அது டயர். சாலை எதுவானாலும் அதே உறுமல், வேகத்தோடு ஏறுகிறது என்றால் வீல் பேரிங், அதாவது சக்கரம் சுழலத் தாங்கும் குண்டு வளையம். ஆளில்லாத அகலமான சாலையில் மெதுவாக வலப்பக்கம் வளையுங்கள். எடை இடப்பக்கச் சக்கரத்தில் ஏறும். அப்போது உறுமல் கூடி, இடப்பக்கம் வளையும்போது குறைந்தால் இடப்பக்க பேரிங்தான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். மோதிய வேகத்தில் குண்டுகள் ஓடும் பாதையில் சிறு பள்ளங்கள் விழுந்துவிடுகின்றன. அன்றே சத்தம் கேட்காது. எனக்கு ரிம் மாற்றி ஒரு மாதம் கழித்துத்தான் ஆரம்பித்தது. பல சின்ன வண்டிகளில் இந்த பேரிங்கைப் பிரஸ்ஸில் வைத்து ஏற்ற வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றுகிற இடத்தில் கொடுக்காதீர்கள், புதியதும் அதே மாதிரி பள்ளம் விழுந்துதான் உள்ளே போகும்.

உறுமல் இல்லாமல் 'சர்க் சர்க்' என்று உரசும் சத்தம் என்றால், டிஸ்க்குக்குப் பின்னால் உள்ள தகடு வளைந்து உரசக்கூடும். கையால் இழுத்துவிட்டால் போதும்.

ஜாக்கியில் தூக்கும்போது ஆட்டத்தையும் பாருங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆடினால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட் (சக்கரத்தைத் தாங்கும் உருண்டை இணைப்பு). இடமும் வலமும் பிடித்து அசைத்தால் மட்டும் ஆடினால் டை ராட் (ஸ்டீரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) பக்கம். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள்.

அலைன்மென்ட் செய்த இடத்தில் ரிப்போர்ட் கேட்டு வாங்குங்கள், செய்வதற்கு முந்தைய அளவும் அதில் இருக்க வேண்டும். நம் ஊர் சின்ன வண்டிகள் பலவற்றில் முன்பக்கம் டோ (சக்கரம் உள்ளே, வெளியே திரும்பி நிற்கும் கோணம்) ஒன்றைத்தான் திருகிச் சரிசெய்ய முடியும். கேம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாயும் கோணம்) இடத்துக்கும் வலத்துக்கும் நன்றாக வித்தியாசப்பட்டால், சக்கரத்தைத் தாங்கும் பாகங்களான லோயர் ஆர்மோ ஸ்ட்ரட்டோ நக்கிளோ பெரும்பாலும் வளைந்திருக்கிறது என்று பொருள். அதை வைத்துக்கொண்டே டோவை மட்டும் திருத்திக் கொடுத்திருப்பார்கள். வளைந்த டை ராடை நிமிர்த்தித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள், ஸ்டீரிங் அதை நம்பித்தான் இருக்கிறது.

எதையும் கழற்றுவதற்கு முன் போட்டோ எடுத்து இன்சூரன்ஸுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். முழு பாலிசி இருந்தால் லோயர் ஆர்ம், ரிம் எல்லாம் விபத்துக் கணக்கில் வரும். டயருக்கு மட்டும், வண்டியின் வேறு பாகமும் அதே மோதலில் சேதமாகியிருந்தால்தான் கிடைக்கும், அதுவும் 50 சதவீதம் வரைதான்.