குளிர் விட்டாச்சு, விறகு பாய்லரை எப்படி மூடி வைப்பது? (கேள்வி பதில்)

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மிட்லண்ட்ஸ் பக்கம், குளிர் முடியும் செப்டம்பர் கடைசியில், வீட்டைச் சூடாக்கும் விறகு பாய்லரை நிறுத்துகிற வீடுகளிலிருந்து வந்த கேள்விகள் இவை.

ஹோவிக்கிலிருந்து ஒரு தங்கை: அண்ணா, சாம்பலை மே மாதம் மறுபடி பற்றவைக்கும்போது அள்ளினால் போதாதா?

போதாதும்மா. எல்லோரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான். பாய்லரை அரித்துத் தின்பது நெருப்பு அல்ல, ஈரம். நமக்கு மழை கோடையில்தான். அக்டோபரிலிருந்து மார்ச் வரை காற்றிலேயே ஈரம் நிற்கும். உள்ளே விட்ட சாம்பல் அதை உறிஞ்சி இரும்போடு அப்பிக்கொள்ளும். கரியிலும், விறகுப் புகை படிந்து உண்டாகும் தாரிலும் உள்ள அமிலமும் சேர்ந்து ஊறினால், தகட்டில் குழி குழியாகத் துரு விழும். அதனால் நிறுத்திய கையோடு சுத்தம் செய்யுங்கள்.

கடைசி நெருப்பை நன்றாகக் காய்ந்த விறகில், காற்றுக் கதவைத் திறந்து வைத்துச் சூடாக எரிய விடுங்கள். ஒட்டியிருக்கும் மெல்லிய தார் காய்ந்து உதிரும் பதத்துக்கு வரும். முழுதும் ஆறியபின் மெயின் சுவிட்சை அணைத்து, மேலிருந்து கீழே வாருங்கள். முதலில் புகைபோக்கி, பிறகு வெப்பக் குழாய்கள், அப்புறம் எரிப்பறை, கடைசியில் சாம்பல் தட்டு. பாய்லரிலிருந்து புகைபோக்கிக்குப் போகும் வளைவுக் குழாயைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கரி அதிகம் தங்குவதே அங்கேதான். வெப்பக் குழாய்களுக்குள் முறுக்குத் தகடுகள் இருந்தால் வெளியே எடுத்துத் துடைத்து வையுங்கள். உள்ளேயே விட்டால் துருப்பிடித்து இறுகி, அடுத்த குளிருக்கு அசையாது. முகமூடி கட்டாயம். தண்ணீர் ஊற்றிக் கழுவவே கூடாது.

நாட்டிங்ஹாம் ரோட்டிலிருந்து: உள்ளே கண்ணாடி மாதிரி பளபளப்பாகக் கறுப்பு படிந்திருக்கிறது. பிரஷ்ஷுக்கு அசையவில்லை.

அது இறுகிய தார். ஈர விறகு, காற்றைக் குறைத்து இரவெல்லாம் புகைய விடுவது, பாய்லருக்குத் திரும்பும் தண்ணீர் 55 டிகிரிக்கும் கீழே இருப்பது, இவைதான் காரணம். பாய்லருக்குள் இருப்பதைச் சுரண்டியால் எடுக்கலாம். புகைபோக்கிக்குள்ளும் அப்படி இருந்தால், மேலே சொன்ன சூடான கடைசி நெருப்பை நீங்கள் போடவே வேண்டாம். தார் பற்றிக்கொண்டால் கூரையே போய்விடும். புகைபோக்கி சுத்தம் செய்பவரைக் கூப்பிடுங்கள், செலவைப் பார்க்காதீர்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: தண்ணீரை வடித்துவிடலாமா மாமா?

அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டரோடு சேர்ந்த மூடிய அமைப்பு என்றால் வேண்டாம். பழைய தண்ணீரில் கரைந்திருந்த ஆக்சிஜன் ஏற்கெனவே தீர்ந்திருக்கும். புதுத் தண்ணீர் விட்டால் புது ஆக்சிஜன் வரும், அதோடு துருவும் வரும். பிரஷரை மட்டும் அவ்வப்போது பாருங்கள். பம்பை மாதம் ஒருமுறை சில நிமிடம் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் இறுகிவிடும். ஓட்டி முடித்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கோடை இடி மின்னலில் கண்ட்ரோலர் பலகை போனால் மாற்ற நிறையச் செலவாகும்.

கொல்லையில் குளியலுக்கு விறகு மூட்டித் தண்ணீர் காய்ச்சும் டாங்கி டிரம் வேறு கதை. அதை வடித்து, அடி வண்டலைக் கழுவி வையுங்கள். அடுத்தமுறை நிரப்பாமல் தீ மூட்டிவிடாதீர்கள்.

லேடிஸ்மித்திலிருந்து ஓர் அக்கா: சாம்பலைக் கீரைப் பாத்திக்குப் போடலாமா?

சுத்தமான வாட்டில் (ஒருவகை அக்கேசியா), கம் (யூகலிப்டஸ்) மர விறகின் சாம்பல் என்றால் போடலாம் அக்கா. புளித்த, அதாவது அமிலம் கூடிய மண்ணுக்கு அது நல்லது, கொஞ்சமாகத் தூவி மண்ணோடு கிளறுங்கள். உருளைக்கிழங்குக்கும் அசேலியாப் பூச்செடிக்கும் வேண்டாம். ஆனால் பழைய வேலிக் கம்பங்களை எரித்திருந்தால் ஒரு பிடிகூடத் தோட்டத்துக்குப் போகக்கூடாது. பச்சை நிறம் ஏறிய அந்தக் கம்பங்களில் செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஊறியிருக்கும், எரித்தாலும் விஷம் சாம்பலில் தங்கும். அவற்றை எரிக்கவே கூடாது, புகையும் நஞ்சு.

இன்னொன்று, சாம்பலுக்குள் கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். மலைக்காற்று வீசுகிற இந்த மாதங்களில் காய்ந்த புல்லில் கொட்டினால் பக்கத்துப் பண்ணைவரை தீ ஓடும்.

அண்டர்பெர்க்கிலிருந்து: கதவை மூடி வைப்பதா, திறந்து வைப்பதா?

சற்றே திறந்து வையுங்கள், உள்ளே காற்று ஓடட்டும். புகைபோக்கி உச்சியில் மழைத் தொப்பியும் பறவை புகாத வலையும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். யாராவது சாக்கு வைத்து அடைத்திருந்தால், பாய்லர் கதவில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். மறந்துபோய் மூட்டினால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் நிறையும். அதற்கு வாசனை கிடையாது.

மறுபடி ஹோவிக்: கதவு இடுக்கை அடைக்கும் கயிற்றை (ரோப் சீல்) மாற்றவேண்டுமா என்று எப்படித் தெரியும்?

ஒரு தாளை வைத்துக் கதவைப் பூட்டி இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் பல இடங்களில் இழுங்கள். எங்கே சுலபமாக வருகிறதோ அங்கே கயிறு தேய்ந்திருக்கிறது. கோடையிலேயே வாங்கி மாற்றிவிடுங்கள்.