ஃபெஸ் நகரில் ஒன்றரை நாள்: கேள்வி பதில்

மொராக்கோவின் பழைய நகரமான ஃபெஸ்ஸுக்கு மூன்று முறை போய் வந்திருக்கிறேன். அங்கே கிளம்பும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு ஒரேயடியாகப் பதில் எழுதிவிடுகிறேன்.

காசாபிளாங்காவில் வேலை முடிந்ததும் ஒன்றரை நாள் கிடைக்கும். ஃபெஸ்ஸோடு மெக்னெஸையும் சேர்க்கலாமா?

வேண்டாம். ரயிலில் ஃபெஸ் வரவே சுமார் நாலு மணி நேரம். மெக்னெஸ் அதே பாதையில்தான் வருகிறது, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தங்குவதற்குப் புதுநகரம் போகாமல், மதீனா எனும் பழைய நகருக்குள்ளேயே ஒரு ரியாத்தில் அறை எடுங்கள். ரியாத் என்றால் நடுவில் முற்றம் வைத்த வீடு. கடை திறக்கும் முன் வெறிச்சோடிக் கிடக்கும் சந்துகளைப் பார்க்க, உள்ளே தங்கினால்தான் முடியும்.

மதீனாவில் வழி தவறிவிடும் என்று பயமுறுத்துகிறார்களே?

தவறும். முதல் தடவை ஒரே தையல் கடையை நான்கு முறை கடந்தேன், கடைசியில் கடைக்காரரே சிரித்துவிட்டார். ஆனால் ஒரு சூட்சுமம் உண்டு: மதீனா ஒரு சரிவு. மேற்கே மேட்டில் பாப் பூ ஜெலூத் வாசல்; வெளிப்பக்கம் நீல ஓடு, உள்பக்கம் பச்சை. அங்கிருந்து தலா கெபிரா, தலா ஸ்கிரா என்று இரண்டு தெருக்கள் இறங்குகின்றன. ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறுங்கள், பாதி ஊர் பார்த்தாகிவிட்டது. குழம்பிப் போனால் மேடு பார்த்து நடங்கள். கார் உள்ளே வராது, சுமையெல்லாம் கழுதை மேல்தான். பின்னால் “பாலக்!” என்று குரல் கேட்டால் சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள்.

“அந்த வழி மூடியிருக்கிறது, நான் கூட்டிப்போகிறேன்” என்று யாராவது வருவார்கள். பெரும்பாலும் வழி திறந்தேதான் இருக்கும்.

கரவிய்யீன் பள்ளிவாசலுக்குள் போகலாமா?

முஸ்லிம் என்றால் தாராளமாக. மற்றவர்கள் கதவு திறந்திருக்கும்போது முற்றத்தை எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். 859-இல் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி என்ற பெண்மணி கட்டியதாக வழிவழியாகச் சொல்லப்படும் இடம். ஏமாற்றம் வேண்டாம், பக்கத்திலேயே இருக்கும் அத்தாரீன் மதரசாவுக்குள் எல்லோரும் போகலாம். 14-ஆம் நூற்றாண்டின் சுண்ணச்சாந்து வேலையும் தேவதாரு மரச் செதுக்கலும் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்க்க வைக்கும். நேரம் இருந்தால் மேட்டுப் பக்கத்துப் பூ இனானியா மதரசாவையும் பாருங்கள்.

தோல் பதனிடும் இடத்தில் நாற்றம் தாங்குமா?

ஷுவாரா தொட்டிகளைச் சொல்கிறீர்கள். புறா எச்சமும் சுண்ணாம்பும் போட்டுத் தோலை மென்மையாக்குகிறார்கள், மணம் எப்படி இருக்கும்? சுற்றியுள்ள தோல் கடைகளின் மொட்டைமாடியிலிருந்துதான் பார்க்க வேண்டும். ஏறும்போது கையில் புதினா தருவார்கள். இறங்கும்போது ஜாக்கெட் காட்டுவார்கள். வாங்கியே தீர வேண்டும் என்று கட்டாயமில்லை.

நான் சுத்த சைவம்.

பிசாரா இருக்கிறதே! காய்ந்த ஃபாவா பீன்ஸைக் கடைந்து, ஆலிவ் எண்ணெயும் சீரகப் பொடியும் தூவிய கஞ்சி. ரொட்டியோடு காலையில் சாப்பிடுங்கள். கத்திரிக்காய் ஸாலூக்கும் உண்டு. காய்கறி கூஸ்கூஸில் மட்டும் கவனம்; இறைச்சி வெந்த சாறாக இருக்கலாம், கேட்டுவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை போய்ச் சேர்கிறேன், பரவாயில்லையா?

ஜும்மா எனும் வெள்ளி மதியத் தொழுகையை ஒட்டிப் பல கடைகள் மூடிவிடும், சில அன்று திறப்பதே இல்லை. கடைவீதியைச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொண்டு, வெள்ளி மாலையே வடக்குக் குன்றின் மேல் இருக்கும் மரீனித் அரச வம்சத்தின் கல்லறைகளுக்கு டாக்ஸியில் போங்கள். ஊர் முழுக்கக் காலடியில் தெரியும், மக்ரிப் பாங்கு, அதாவது அந்தி நேரத் தொழுகை அழைப்பு, ஒவ்வொரு மினாரிலிருந்தும் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி வரும். இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள், சிவப்பு டாக்ஸியில் ஏறியதும் மீட்டர் போடச் சொல்லுங்கள், ராத்திரிக்குக் கட்டணம் ஒன்றரை மடங்கு.