கூட்டத்தைப் பார்க்கப் போகாதே, தம்பி

உசிலம்பட்டியிலிருந்து கோலாலம்பூர் சாப்பாட்டுக் கடை வேலைக்குப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். சம்பளம் கட்டுப்படியாகுமா, ரூம் எப்படி என்று கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு வரி: "தேர்தல்ல மோசடின்னு அங்க தெருவுல இறங்குவாங்களாமே, ஒருநாள் போய்ப் பார்க்கலாமா அண்ணே?" சம்பளமும் ரூமும் முதலாளிக்கு முதலாளி மாறும், அதை யாரும் சொல்லிவிடுவார்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். சித்திரைத் திருவிழாவுக்காகத் திருமங்கலம் வந்திருக்கிறேன். உன் கேள்வியைப் படித்ததிலிருந்து பழைய நினைப்பாகவே இருக்கிறது.

போகாதே. மலேசியாவில் 2012-இல் வந்த அமைதிப் பேரணிச் சட்டப்படி, குடியுரிமை இல்லாதவன் கூட்டம் நடத்தவும் கூடாது, கலந்துகொள்ளவும் கூடாது. 10,000 வெள்ளி வரை அபராதம். ரிங்கிட்டை அங்கே நம் ஆட்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள். சிவப்பு ஐசி, அதாவது அடையாள அட்டை, வைத்திருக்கும் நிரந்தரவாசிக்கே இதுதான் நிலை, நீ பெர்மிட்டில் போகிறவன். "சும்மா ஓரமாகத்தான் நின்றேன்" என்றால் எடுபடாது.

நான் 2011 கடைசியில் போனேன். மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு கடையில் டீ ஆற்றும் வேலை. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டார். பத்திரமாக இருக்கும் என்றார், நம்பினேன். 2012 ஏப்ரல் 28, சனிக்கிழமை. பெர்சே இயக்கத்தின் மூன்றாவது பேரணி. பெர்சே என்றால் சுத்தம்; வாக்காளர் பட்டியலைச் சுத்தம் செய், தேர்தலை நேர்மையாக நடத்து என்பதுதான் கோரிக்கை. முன்னின்றவர்களில் ஒருவர் அம்பிகா சீனிவாசன், இந்திய வம்சாவளி வழக்கறிஞர். மெர்டேக்கா சதுக்கத்துக்குள் நுழைய நீதிமன்றத் தடை, சுற்றிலும் முள்கம்பி. மத்தியானம் வரை அழகர் ஆற்றில் இறங்கும் நாள் மாதிரி இருந்தது. எங்கு பார்த்தாலும் மஞ்சள் சட்டை. மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் கலந்து நின்றார்கள். தடுப்பைச் சிலர் தாண்டியதும் கண்ணீர்ப்புகையும் தண்ணீர் பீய்ச்சுவதும் ஆரம்பித்தது.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டோம். அதற்கடியில் குனிந்து ஒரு சீனப் பாட்டி உள்ளே வந்தது. கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுகியது. காகிதப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு சிட்டிகை உப்பை என் உள்ளங்கையில் வைத்து, நாக்கில் வைத்துக்கொள் என்று சைகை காட்டியது. புகைக்கு உப்பு என்று அங்கே எல்லாரும் நம்பிக் கொண்டுவந்திருந்தார்கள். என் தொண்டை எரிச்சல் குறைந்ததா என்று ஞாபகமில்லை. அந்த அம்மா கை நடுங்கியது மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

என்னோடு வேலை பார்த்த மேலூர்ப் பையன் செல்போனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினான், வீடியோ எடுக்க. பிடித்துவிட்டார்கள். அன்றைக்கு நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள், உள்ளூர்க்காரர்களை விட்டுவிட்டார்கள். இவனிடம் காட்டப் பாஸ்போர்ட் இல்லை. முதலாளி அதை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகவே இரண்டு நாள் ஆனது. அடுத்த முறை அவன் பெர்மிட்டை முதலாளி புதுப்பிக்கவில்லை. ஏஜெண்டுக்குக் கொடுக்க வட்டிக்கு வாங்கிய பணம் அடையும் முன்பே ஊர் வந்து சேர்ந்தான்.

அப்புறம் 2013 மே 5, பொதுத் தேர்தல். வெளிநாட்டுத் தொழிலாளிகள் 40,000 பேரைக் கொண்டுவந்து ஓட்டுப் போட வைக்கிறார்கள் என்று எதிர்க்கட்சி குற்றம் சாட்டியது, அரசு மறுத்தது. இப்படி வருகிறவர்களுக்கு ஆவி வாக்காளர் என்று பேர். கிள்ளானில் ஒரு பள்ளிக்கூட வாசலைத் தாண்டி நடந்துபோனேன். நாலு பேர் மறித்து "ஐசி, ஐசி" என்றார்கள். ஒருவன் என் இடது கையைப் பிடித்துச் சுட்டுவிரலைத் திருப்பிப் பார்த்தான், மை இருக்கிறதா என்று. இல்லை. கூட இருந்த தமிழ்ப் பையன், "அண்ணே எந்த ஊரு?" என்றான். மதுரை என்றதும் விட்டார்கள். தேர்தலன்று பள்ளிக்கூடப் பக்கமே போகாதே.

அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தத் தேர்தலில் எதிரணிக்கு 50.87 சதவீத ஓட்டு, கிடைத்தது 89 இடம். ஆளுங்கட்சிக் கூட்டணிக்கு 47.38 சதவீதம், இடம் 133. மூன்று நாள் கழித்துக் கிளானா ஜெயா ஸ்டேடியத்தில் கறுப்புச் சட்டையோடு கூடினார்கள். வயிறெரிந்தவர்கள் கூடத்தானே செய்வார்கள்? நம் ஊர்ப் பையன்கள் சிலர் அங்கே உட்கார்ந்துகொண்டு, "இவனுகளுக்கு வேற வேலையில்ல" என்பார்கள். எனக்கு அது பிடிக்காது. 2009 இடைத்தேர்தலில் ஓட்டுக்குக் காசு என்று பேச்சாகி, திருமங்கலம் ஃபார்முலா என்று பேர் வாங்கிய ஊர்க்காரன் நான். ஓட்டு சுத்தமாக இருக்கட்டும் என்று அடி வாங்கியவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 2018-இல், சுதந்திரம் வாங்கி 61 வருஷம் கழித்து, ஓட்டாலேயே ஆட்சியை மாற்றினார்கள். அன்று ராத்திரி கடையில் யார் யாருக்கோ டீ ஆற்றிக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. மலாய் பேசி, பேப்பர் படித்து, அவர்கள் சுகதுக்கத்தில் கலந்துகொள்ளலாம். தெருவில் மட்டும் இறங்காதே.

பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்று எந்த முதலாளி கேட்டாலும் கொடுக்காதே. பெர்மிட் பக்கத்தின் நகலைச் சட்டைப் பையில் வை. அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை முடிந்து ஒரு வாரம் இங்கேதான் இருப்பேன். ஏஜெண்டு கொடுத்த ஒப்பந்தத் தாளை எடுத்துக்கொண்டு திருமங்கலம் வா, கையெழுத்துப் போடுமுன் நானும் ஒருதரம் படித்துப் பார்க்கிறேன்.