தலையில் பக்கும் அரிப்பும்: முதலில் எண்ணெயை நிறுத்துங்கள்

வணக்கம் தம்பி. ஹெல்மெட் போட்டு தினமும் காட்பாடியிலிருந்து ராணிப்பேட்டைக்கு பைக்கில் போகிறீர்கள், தலையில் மஞ்சளாகப் பக்கு கட்டி அரிக்கிறது, எண்ணெயில் எலுமிச்சை கலந்து தேய்த்தும் கூடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். மூக்கோரத்திலும் புருவத்திலும் செதில் உதிர்கிறது என்கிறீர்களே, அதுதான் முக்கியம். பெரும்பாலும் இது செபோரிக் டெர்மடைட்டிஸ், பொடுகின் முற்றிய வடிவம். தலைத்தோலில் எல்லோருக்கும் இருக்கிற மலசீசியா என்ற பூஞ்சை எண்ணெய்ப் பசையில்தான் பெருகும். நம்ம வேலூர் வெயிலில் ஹெல்மெட்டுக்குள் வியர்வையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். எண்ணெய் தேய்க்கத் தேய்க்க அதற்குத் தீனி. எலுமிச்சையோ சொறிந்த இடத்தை எரிக்கும்.

சரி, இரண்டையும் நிறுத்துங்கள். மருந்துக் கடையில் 2% கீட்டோகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து கலந்த ஷாம்பு கிடைக்கும். முடியில் நுரைத்தால் போதாது, விரல் நுனியால் தோலில் படும்படி தேய்த்து, 5 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். வாரம் 2 முறை, 4 வாரம். பக்கை நகத்தால் பிய்க்காதீர்கள், புண்ணாகிவிடும். ஹெல்மெட் உள்துணியையும் துவைத்துக் காய வையுங்கள்.

முழங்கையிலும் வெள்ளி நிறத்தில் தடித்த செதில் இருந்தால் சொரியாசிஸ் என்ற வேறு தோல் நோயாக இருக்கலாம். வட்டமாக முடி கொட்டினாலோ சீழ் வைத்தாலோ காத்திருக்க வேண்டாம், அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் தோல் மருத்துவரைப் பாருங்கள். அதுவரை கடைக்காரர் சொன்னார் என்று ஸ்டீராய்டு களிம்பு வாங்கித் தடவிவிடாதீர்கள்.